மஞ்சள் கொண்டை காக்கட்டூ: கடையில் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரத்தில் பறவைத் தீனியும் கூண்டும் விற்கிற கடை எங்களுடையது. தலையில் கொண்டை உள்ள வெளிநாட்டுக் கிளியான காக்கட்டூவை விற்பதில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தங்கச்சிமடம் பக்கமிருந்து வருகிறவர்கள் தீனி வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் அது பெரும்பாலும் காக்கட்டூவில்தான் போய் நிற்கிறது. ஒரே சந்தேகத்துக்குப் பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது என்பதால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். அதில் 'காக்கா' என்று கூப்பிடுவது அண்ணனை, 'வாப்பா' அப்பா, 'சபர்' வெளிநாட்டுப் பயணம், 'மவுத்து' இறப்பு.

"காக்கா, எங்க வீட்டுல வெள்ளையா ஒண்ணு இருக்கு. எல்லாரும் காக்கட்டூங்குறாங்க. எந்தக் காக்கட்டூன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தலைக் கொண்டையை விரித்து மடக்கினால் காக்கட்டூ குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. முதலில் நீளத்தைப் பாருங்கள். அலகிலிருந்து வால் நுனி வரை 33 முதல் 35 செ.மீ., மஞ்சள் கொண்டை, கன்னத்தில் மஞ்சள் திட்டு என்றால் அது மஞ்சள் கொண்டை காக்கட்டூ. இந்தப் பக்கத்தில் 'நம்ம பறவை' என்று நான் சொல்வது இதைத்தான். கொண்டை ஆரஞ்சாக இருந்தால் சும்பா தீவின் சிட்ரான் கொண்டை. முன்பு இதன் கிளையினமாக வைத்திருந்தார்கள், இப்போது சிலர் தனி இனமாகவே பிரிக்கிறார்கள். கொண்டை வெள்ளையாகவும் அகலமாகவும் விரிந்தால் ஹல்மஹேரா பக்கத்து அம்பர்லா காக்கட்டூ. உடம்பே லேசான ரோஸ் நிறம், பெரிய பறவை என்றால் சேரம் தீவின் மொலுக்கன். கொண்டை குட்டை, கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ரோஸ் நிறம் என்றால் தனிம்பார் தீவுகளின் கோஃபின்.

ஆணா பெண்ணா என்பதற்குக் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பறவையில் ஆணுக்குக் கருவிழி கருப்பாகவே தெரியும், பெண்ணுக்குச் செம்பழுப்பு. குஞ்சில் இது செல்லாது, இறகை ஆய்வகத்துக்கு அனுப்பி டிஎன்ஏ பார்க்க வேண்டும்.

சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுக் கன்னத்தோடு, கைக்கு அடக்கமாக இருப்பது காக்டெயில். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் கீழே வரும் சட்டக் கவலை எதுவும் அதற்கு இல்லை.

"யூடியூப்ல பாத்தேன், ஆஸ்திரேலியாவுல கூட்டம் கூட்டமா வந்து குப்பைத்தொட்டி மூடியத் தெறந்து திங்குது. நீங்க அழியுதுங்குறீங்க?"

அது வேறு பறவை. சிட்னி புறநகர்களில் குப்பைத்தொட்டி திறக்கக் கற்றுக்கொண்டு, ஒன்றைப் பார்த்து ஒன்று பழகியதை 2021-ல் ஆய்வாளர்கள் எழுதியது சல்ஃபர் கொண்டை காக்கட்டூவைப் பற்றி. 45 முதல் 50 செ.மீ. வரை இருக்கும் பெரிய பறவை, கன்னத்து மஞ்சள் வெளிறியிருக்கும். ஆஸ்திரேலியாவில் அதற்குக் குறைவே இல்லை, விவசாயிகள் அதைத் தொல்லையென்று திட்டுவதும் உண்டு.

நம்ம பறவை அதன் சிறிய வடிவம் போலத் தெரிவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். விற்கிறவர்களுக்கும் இந்தக் குழப்பம் வசதி. அழிவின் விளிம்பில் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு "ஆஸ்திரேலியாவுல காக்கா மாதிரி திரியுது" என்று சொல்லி விற்கலாம்.

"அப்ப இது எந்த ஊர்ப் பறவை? எத்தனை மிச்சம் இருக்கு?"

இந்தோனேசியாவின் சுலவேசி, லொம்போக், சும்பாவா, கொமோடோ, ஃபுளோரஸ், திமோர் தீவுகளும், தனி நாடான கிழக்குத் திமோரும். ஜாவா கடலின் நடுவே மசலெம்பு என்ற சிறு தீவுக்கூட்டத்திலும் ஒரு கிளையினம் உண்டு. இந்தியாவில் எந்தக் காக்கட்டூவும் இயற்கையாகக் கிடையாது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன் இதை 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்கு அடுத்த படி காட்டில் இல்லாமல் போவது. சும்பா பறவையையும் சேர்த்து எண்ணியபோதே, முட்டையிடும் வயதுடையவை 1,200 முதல் 2,000 வரைதான் என்று மதிப்பிட்டார்கள். கொமோடோ தேசியப் பூங்காவில் ஓரளவு நல்ல எண்ணிக்கை இருக்கிறது. பல தீவுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம்.

"ஏன் இப்படிக் கொறஞ்சுச்சு? நோயா?"

நோய் இல்லை, கூண்டுதான். பறவை வணிகமே பழசு. சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1240-களில் எழுதிய வேட்டைப் பருந்து நூலின் ஏட்டில் ஒரு வெள்ளைக் காக்கட்டூவின் படம் நான்கு இடங்களில் இருக்கிறது. எகிப்து சுல்தான் அவருக்கு அனுப்பிய பரிசு அது. அந்தக் காலத்தில் கடல் கடந்து போனவை ஒன்றிரண்டு. 1981-க்கும் 1992-க்கும் இடையில் பதிவான ஏற்றுமதி மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பறவைகள். பதிவில்லாமல் போனவையும், பெட்டிக்குள் செத்தவையும் அந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாவது காரணம் மரம். இது தானாகக் குடைந்து கூடு செய்யாது. வயதான பெருமரத்தில் ஏற்கெனவே விழுந்த பொந்துதான் வேண்டும். அப்படிப்பட்ட மரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். ஈட்டுக்கு இரண்டு மூன்று முட்டை, அடைகாக்க நான்கு வாரம், குஞ்சு பறக்கப் பத்து வாரத்துக்கு மேல். பொந்துக்குள் கையை விட்டுக் குஞ்சை எடுத்துவிட்டால் அந்த ஜோடியின் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. வருடாவருடம் அதே பொந்தில் கைவிட்டால், கிழட்டுப் பறவைகள் மட்டும் பறந்துகொண்டிருக்கும். பார்க்கிறவனுக்குக் காட்டில் பறவை இருப்பதாகத்தான் தோன்றும்.

சைட்ஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தம் 2005-ல் இதை முதல் பட்டியலுக்கு மாற்றியது. காட்டில் பிடித்ததை நாடு கடத்தி விற்கவே கூடாது என்பது அதன் பொருள். ஆனால் பட்டியலில் சேர்த்ததும் வணிகம் நின்றுவிடாது என்று நம் கடற்கரை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல் அட்டைக்கு 2001-ல் தடை வந்தது, இன்னும் மண்டபம் பக்கம் மூட்டையாகப் பிடிபடுகிறது. 2015 மே மாதம் இந்தோனேசியாவின் சுரபாயா துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய ஒருவரிடம், காலித் தண்ணீர் பாட்டில்களுக்குள் திணித்த காக்கட்டூக்கள் இருபதுக்கு மேல் பிடிபட்டன. அந்தப் படம் பரவிய பிறகு அங்கே பலர் வீட்டில் வளர்த்ததை அரசிடம் தாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"சரிண்ணே, நம்ம ஊர்ல இத வீட்டுல வச்சுக்கிட்டா கேஸ் வருமா?"

பதிவு செய்திருந்தால் வராது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தபோது வெளிநாட்டு உயிரினங்களைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் "பாரின் கிளிக்குச் சட்டமே இல்ல" என்ற பேச்சு ஊரில் வேர்விட்டது. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சைட்ஸ் பட்டியலில் உள்ளவை இப்போது நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன.

அதைத் தொடர்ந்து 2024 பிப்ரவரி 28-ல் பதிவு விதிகள் வந்தன. அப்போது கையில் வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் வாங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். பறவை குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கைமாறினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். இது காக்கட்டூவுக்கு மட்டும் இல்லை. சன் கோனியூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி எல்லாமே இதில் அடங்கும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜி, மேலே சொன்ன காக்டெயில் இரண்டும் சைட்ஸ் பட்டியலில் இல்லாததால் தப்பித்தன.

"பச்சக்கிளி வச்சிருந்தா வனத்துறை வந்து புடுங்கிட்டுப் போறாங்க. பணக்காரன் வெளிநாட்டுக் கிளி வச்சா மட்டும் பேப்பர் குடுப்பாங்களோ?"

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பச்சைக்கிளி இந்த மண்ணின் காட்டு உயிர். அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம், பதிவு என்ற பேச்சே கிடையாது. நம் பனங்காட்டுப் பொந்தில் குஞ்சு எடுத்து வாரச்சந்தையில் விற்பது, சுலவேசியில் நடப்பதன் அச்சு அசலான உள்ளூர்ப் பதிப்பு. வெளிநாட்டுப் பறவைக்குக் கொடுக்கும் தாள் சலுகை அல்ல, எந்தப் பறவை எந்தக் கையில் இருக்கிறது என்ற கணக்கு.

"வாப்பா சபர்ல இருந்து வந்தப்ப மெட்ராஸ்ல வாங்குனது. வாப்பாவும் மவுத்தாயிட்டாங்க. பில்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப என்ன செய்ய?"

அதிகம் வரும் கேள்வி இது. அரசு 2020 ஜூனில் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. தாமாக முன்வந்து அறிவித்தால், எங்கே வாங்கினாய் என்று கேட்க மாட்டோம் என்றார்கள். அது 2021 மார்ச்சோடு முடிந்தது. அப்போது பதிந்தவர்கள் அந்தச் சான்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புதிய விதிகளின்படியும் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னது ஓர் அறிவுரைத் திட்டம், பின்னது சட்டத்தின் கீழ் வந்த விதி.

அப்போதும் பதியாதவர்கள், 2024 தேதியையும் விட்டவர்கள், ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்தில் சொல்லுங்கள். பறவையின் படம், காலில் வளையம் இருந்தால் அதன் எண், எத்தனை வருடமாக வீட்டில் இருக்கிறது என்பதைக் காட்டும் பழைய குடும்பப் படம், மருத்துவச் சீட்டு எதுவானாலும் எடுத்துப் போங்கள். முடிவு தலைமை வன உயிரினக் காப்பாளர் கையில். தானாகப் போய் நிற்கிறவரும் பிடிபடுகிறவரும் ஒன்றல்ல. பயந்துபோய்ப் பறவையைத் திறந்துவிடுவதும், ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்கு விற்பதும் இரண்டாவது குற்றமாகத்தான் முடியும்.

"மச்சான் மலேசியாவுல இருக்காரு. வரும்போது ஒரு ஜோடி கொண்டாரச் சொல்லவா?"

வேண்டாம். அங்கிருந்து ஏற்றுமதிக்கான சைட்ஸ் அனுமதி, இங்கே இறக்குமதி உரிமம், கால்நடைத் தனிமைப்படுத்தும் நிலையத்தின் சோதனை, இத்தனையும் முன்கூட்டியே வேண்டும். முதல் பட்டியல் பறவைக்குத் தனி ஆளுக்கு இதெல்லாம் கிடைப்பது அரிதிலும் அரிது. திருச்சி, சென்னை விமான நிலையங்களில் பைக்குள் ஆமை, குரங்கு, ஓணான் என்று பிடிபடும் செய்தியை மாதந்தோறும் படிக்கிறீர்கள். பிடிபடுகிறவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. "தெரிஞ்சவர் குடுத்தாரு" என்று பையைத் தூக்கி வந்த யாரோ ஒரு மச்சான்.

"விக்கிறவன் 'கேப்டிவ் பிரீட்'னு சர்ட்டிபிகேட் காட்டுறான், கால்ல ரிங்கும் இருக்கு. அப்பவும் சந்தேகமா?"

'கேப்டிவ் பிரீட்' என்றால் காட்டில் பிடிக்காமல் கூண்டிலேயே பிறந்தது. ரிங் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மூட்டே இல்லாத முழு வளையத்தைக் குஞ்சின் கால் சிறுத்திருக்கும் முதல் சில வாரங்களில்தான் நுழைக்க முடியும். வாய் பிளந்து நெருக்கிய வளையத்தை நேற்றுப் பிடித்த கிழட்டுப் பறவைக்கும் போடலாம். முழு வளையம் நல்ல அடையாளம். ஆனால் அதையும் பெரிய அளவில் செய்து வளர்ந்த காலில் தள்ளுகிறவர்கள் உண்டு, வளையம் காலில் தொளதொளவென்று ஆடினால் யோசியுங்கள். தாளில் தாய் தகப்பன் பறவைகளின் பதிவு எண் இருக்க வேண்டும்.

ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் நம்ம பறவையை வைத்தே ஒரு வழி காட்டினார்கள். காட்டில் தின்று வளர்ந்த இறகிலும் கூண்டில் தின்று வளர்ந்த இறகிலும் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதம் வேறுபடுகிறது. இறகைச் சோதித்தால் தாள் சொல்வது உண்மையா என்று தெரிந்துவிடும். நம் கடைத்தெருவில் அந்தச் சோதனை கிடையாது. ஆனால் விற்பவரிடம் அதைப் பற்றிச் சும்மா கேட்டுப் பாருங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்பதே பாதிப் பதில்.

"சூரியகாந்தி விதை மட்டுந்தான் திங்குது. வேற எதக் குடுத்தாலும் தூக்கி எறியுது."

நான் சூரியகாந்தி விதை விற்கிறவன், நானே சொல்கிறேன்: அதை மட்டும் கொடுக்காதீர்கள். கொழுப்பு அதிகம், சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ-யும் குறைவு. கூண்டில் உட்கார்ந்தே இருக்கும் பறவைக்கு ஈரல் கெட்டுப்போகும். முளைகட்டிய பாசிப்பயறு, கம்பு, கேழ்வரகு, வேகவைத்த மக்காச்சோளம், முருங்கைக்கீரை, கொய்யா, பப்பாளி, பாகற்காய், கேரட் எல்லாம் கொடுக்கலாம். காலையில் பசியோடு இருக்கும்போது இவற்றை வையுங்கள், விதையைச் சாயங்காலம் கொஞ்சமாக. ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும், வாரக்கணக்கில் மெல்ல மாற்றுங்கள். நீங்கள் தின்பதைப் பார்த்தால் அதுவும் தின்னும், எதிரே உட்கார்ந்து கொய்யாவைக் கடித்துக் காட்டுங்கள்.

பட்டர் ஃப்ரூட் கூடவே கூடாது, அது பறவையைக் கொல்லும். சாக்லேட், காபி, டீ, மிக்சர், கருவாடு வேண்டாம். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நீங்கள் குடிக்கிற காவிரித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ வையுங்கள்.

"கடக்காத்துல கூண்டு ஆறே மாசத்துல பூத்துப்போவுது. ஜிஐ கூண்டு தாங்குமா?"

தாங்காது. இந்த ஊருக்கென்றே உள்ள ஆபத்து இது. ஜிஐ என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்து உதிரும். காக்கட்டூ நாள் முழுக்கக் கம்பியை அலகால் உரசுகிற பறவை, அந்தத் துத்தநாகம் வயிற்றுக்குள் போகும். விலை கூடுதலானாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். பெயின்ட் அடித்துச் சமாளிக்காதீர்கள், பெயின்ட்டையும் உரித்துத் தின்னும்.

மீனவர் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. பறவை வெளியே உலவும் இடத்தில் வலையைப் போட்டு வைக்காதீர்கள். மெத்தென்று இருப்பதால் ஈயத்தைக் கடிக்க அதற்கு ரொம்பப் பிடிக்கும். திடீரென்று சோர்வு, வாந்தி, கால் தள்ளாட்டம், வலிப்பு என்றால் துத்தநாகமோ ஈயமோ உள்ளே போயிருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கடிக்கத்தான் செய்யும், அது அதன் பிழைப்பு. அதனால் கடிக்கக் கொடுங்கள். நுங்கு எடுத்த வெறுங்கூடு, பனைமட்டை, தேங்காய்ச் சிரட்டை, முருங்கைக் கம்பு, கொய்யாக் கம்பு. காசு கொடுத்து வாங்கும் பொம்மையைவிட நுங்குக் கூடு நன்றாக ஓடும், என் வியாபாரத்துக்குத்தான் நஷ்டம். அரளிக் கம்பு மட்டும் வேண்டாம், நஞ்சு.

"காலைலயும் சாயங்காலமும் கத்துது, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வாறாங்க. அதுபோக நெஞ்சு முடியெல்லாம் பிச்சுக்குது."

விடியும்போதும் அடையும்போதும் கூட்டத்தைக் கூப்பிடுவது இதன் இயல்பு. அதை நிறுத்த முடியாது. கத்தும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தால் 'கத்தினால் ஆள் வரும்' என்று பழகிக்கொள்ளும். அமைதியாக இருக்கும்போது போய்ப் பேசுங்கள். சுவர் ஒட்டிய தெருக்களில் இந்தப் பறவை சரிப்படாது என்பது என் கருத்து.

இறகு விஷயத்தில் தலையைப் பாருங்கள். நெஞ்சும் காலும் மொட்டை, தலை இறகு மட்டும் முழுசாக இருந்தால் அது தானே பிடுங்கிக்கொள்கிறது, ஏனென்றால் தலைக்கு அலகு எட்டாது. தனிமை, வேலையில்லாமை, தூக்கக் குறைவு, சத்துக் குறைவு என்று காரணம் பல. கூட்டமாகவே வாழப் பிறந்ததை எட்டு மணி நேரம் வெற்று வராந்தாவில் பூட்டி வைத்தால் வேறென்ன செய்யும்? முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவிக் கொடுக்காதீர்கள். உங்களை ஜோடியாக நினைக்க வைக்கும், பிறகு வீட்டில் மற்ற எல்லோரையும் கடிக்கும். தலையை மட்டும் சொறிந்துவிடுங்கள்.

தலை இறகும் சேர்ந்து உதிர்ந்து, புது இறகு கோணலாக வந்து, அலகும் உருமாறினால் அது அலகு–இறகு நோய் எனப்படும் வைரஸ். மருந்து கிடையாது, மற்றப் பறவைகளுக்குப் பரவும். உடனே தனியாகப் பிரியுங்கள்.

"வீட்டுல கொழந்தைக்கு வீசிங் இருக்கு. பரவாயில்லையா?"

வேண்டாம். காக்கட்டூவின் உடம்பிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும், கருப்புச் சட்டையில் உரசினால் தெரியும். வளர்க்கிறவருக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிளியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் உண்டு, தெரிந்தால் மாத்திரையில் குணமாகும். மறுபக்கம், நம் புகை அதற்கு ஆகாது. கொசுவர்த்தி, சாம்பிராணி, எல்லாவற்றுக்கும் மேலாக அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் சட்டி. அந்தப் புகை சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும்.

"இங்க யாரு பாப்பா, மாட்டாஸ்பத்திரி தானே இருக்கு?"

முதலில் அங்கேதான் போக வேண்டும், சூடு கொடுத்து, நீர்ச்சத்து ஏற்றி உயிரைப் பிடித்து வைக்க அவர்களால் முடியும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்றால் திருநெல்வேலி அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, அதற்கும் மேலே சென்னை வேப்பேரி. போகும் வழியில் கூண்டைத் துணியால் மூடி, காற்று நேராக அடிக்காமல் கொண்டுபோங்கள்.

"ஆணும் பொண்ணும் இருக்கு. குஞ்சு எடுத்தா இனத்தக் காப்பாத்துன மாதிரிதானே?"

இல்லை. முதலாவது, முதல் பட்டியல் பறவையை இனப்பெருக்கம் செய்ய 2022 திருத்தத்தின்படி தனி உரிமம் வேண்டும். பதிவுச் சான்று வேறு, இது வேறு. இரண்டாவது, கூண்டுக்குள் ஆண் காக்கட்டூ தன் ஜோடியையே கொத்திக் கொன்றுவிடுவது பலருக்கும் தெரிந்த அனுபவம். தப்பித்துப் பறக்கக் காட்டில் இடம் இருக்கிறது, கூண்டில் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். தீவுக்குத் தீவு கிளையினம் மாறுகிறது. உங்கள் ஆண் சுலவேசியிலிருந்தும் பெண் திமோரிலிருந்தும் வந்திருந்தால் பிறப்பது எந்தத் தீவுக்கும் சொந்தமில்லாத குஞ்சு. மனிதன் ஊட்டி வளர்த்த பறவைக்குக் காட்டில் எதைத் தின்பது, எதற்குப் பயப்படுவது என்று தெரியாது. மேலே சொன்ன அலகு–இறகு நோய் வைரஸைச் சுமந்திருந்தால், காட்டில் மிஞ்சியிருப்பவற்றுக்கும் கொடுத்துவிடும். ஐரோப்பிய விலங்குக் காட்சியகங்கள் சிட்ரான் கொண்டைக்கு வம்சாவளிப் பதிவேடு வைத்து, யாருக்கு யாரை ஜோடி சேர்ப்பது என்று பேசி முடிவெடுக்கின்றன. காப்பாற்றும் இனப்பெருக்கம் என்றால் அதுதான். நம் வீட்டு மாடியில் நடப்பது வியாபாரம், அதை அப்படியே சொல்லிவிடலாம்.

"அங்க இருக்குறவங்க என்னதான் செய்றாங்க? யாருமே காப்பாத்தலையா?"

காப்பாற்றுகிறார்கள். எனக்குப் பிடித்தது மசலெம்பு கதை. அந்தக் கூட்டத்தில் மசகம்பிங் என்று ஒரு குட்டித் தீவு. தென்னையும் சதுப்புநில மரங்களும், மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களும். காரங்காடு அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்கள் மனதில் வரைந்துகொள்ளலாம். நம்ம பறவையின் ஒரு கிளையினம் உலகிலேயே அங்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்துப் பதினைந்துக்கு இறங்கியது. இந்தோனேசிய ஆர்வலர்கள் போய் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பிடிக்கக் கூடாது என்று ஊரே விதி போட்டது. அலையாத்தி நட்டார்கள். விவசாயிகளின் பயிரில் பறவை வாய் வைக்காமலிருக்க அதற்கென்றே சூரியகாந்தி விதைத்தார்கள். எண்ணிக்கை மெல்ல ஏறியது. ஒரு நல்ல சூறாவளி அடித்தால் மொத்தமும் போகும் அளவுக்குத்தான் இன்னும் இருக்கிறது என்பதும் உண்மை.

"போன வாரக் காத்துல கூண்டு தெறந்து பறந்துருச்சு. இங்கயே பனங்காட்டுல பொழச்சுக்காதா? ஹாங்காங்ல பொழச்சிருச்சாமே?"

ஹாங்காங்கில் பிழைத்தது உண்மை. கூண்டிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகி இப்போது 200 அளவில் நகரப் பூங்காக்களில் வாழ்கின்றன, உலகத்தில் மிச்சமிருப்பதில் கணிசமான பங்கு அது. அங்கே பழைய பெருமரங்கள் கொண்ட பூங்காக்கள் உண்டு, பல பறவைகள் தப்பியதால் கூட்டமும் சேர்ந்தது. இங்கே உங்கள் பறவை ஒற்றை ஆள். கீழே காக்கைகள் விடாது, சீமைக்கருவேலத்தில் தின்ன ஒன்றும் கிடைக்காது.

ஒருவேளை பிழைத்து ஜோடியும் கிடைத்தால் அது வேறு தொல்லை. பட்டுப்போன பனையின் பொந்துகளில் பச்சைக்கிளி, பனங்காடை, மைனா, புள்ளி ஆந்தை எல்லாம் கூடு வைக்கின்றன. பனையே குறைந்துவரும் ஊரில், இரும்பு போன்ற அலகுள்ள வெளிநாட்டுப் பறவை வந்து பொந்தைப் பிடித்தால் இவை எங்கே போகும்? ஆகவே தேடுங்கள். முதல் இரண்டு நாளில் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் உயரமான மரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அதன் கூண்டைத் திறந்து மாடியில் வையுங்கள், பிடித்த தீனியைப் போடுங்கள், அது கத்தும் விடிகாலையிலும் அந்தியிலும் அதற்குப் பழகின குரல் கூப்பிடட்டும். கல்லெறிந்து இறக்கப் பார்க்கும் பொடியன்களைத் தடுத்து நிறுத்துங்கள். கிடைக்கவில்லை என்றால் வன அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிடுங்கள், பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது.

"எனக்கே அறுபத்தஞ்சு ஆச்சு தம்பி. பேரன் ஆசப்படுறான்னு வாங்கலாமான்னு பாக்கேன்."

பேரனிடம் கேட்பதற்கு முன் கணக்குப் பாருங்கள். நல்ல கவனிப்பில் மஞ்சள் கொண்டை 40 ஆண்டுக்கு மேல் வாழும். சிகாகோ பக்கத்து புரூக்ஃபீல்ட் விலங்குக் காட்சியகத்தில் குக்கி என்று ஒரு காக்கட்டூ, மேஜர் மிட்செல் என்ற இன்னோர் இனம், 1933-ல் பிறந்து 2016-ல் தன் 83-ம் வயதில்தான் செத்தது. இன்று பத்து வயதுப் பேரன் படிக்கப் போவான், வெளிநாடு போவான், கல்யாணம் ஆகும். பறவை அதே வராந்தாவில் இருக்கும். பேரன் ஆசைக்கு ஒரு ஜோடி பட்ஜி போதும், அதற்குப் பதிவும் வேண்டாம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், உங்களுக்குப் பிறகு யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அந்த ஆள் இன்றிலிருந்தே வாரம் ஒருமுறையாவது வந்து அதற்குக் கையால் தீனி கொடுக்கட்டும், பழகாத கைக்குப் போனால் பட்டினி கிடக்கும், இறகைப் பிடுங்கும். பதிவுச் சான்று, வளைய எண், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். கைமாற்றத்தையும் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். பில் தேடி என் கடைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, வாப்பாவோ அப்பாவோ அந்தத் தாளை எங்கே வைத்தார் என்பதுதான் தெரிவதில்லை.